உயிரியல் கேள்விப் பயிற்சி: கொல்லிமலையிலிருந்து தொடங்குவோம்

பொதுத்தேர்வு நெருங்கும்போது உயிரியல் மாணவர்கள் பலர் புக் பேக் கேள்விகளுக்கான விடைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றையே நாலைந்து தடவை வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். தேர்வு அறையில் அதே கேள்வி சற்று மாறி வந்தால் பேனா நகராது. கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ எடுத்துப் படிப்பவர்களும் இதே வழக்கத்தோடு போய், முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துவிட்டுத் திகைக்கிறார்கள்.

உயிரியலில் கேள்விப் பயிற்சி என்பது இரண்டு வேலை. புத்தகத்தை மூடிவிட்டு விடையை நினைவிலிருந்து எழுதுவது ஒன்று. கண்முன் இருக்கும் ஓர் உயிரை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி எத்தனை விதமாகக் கேட்க முடியும் என்று தானே கேள்வி உண்டாக்குவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு அவரவர் ஊரே உதவும்.

இங்கே எடுத்துக்காட்டுகளைக் கொல்லிமலையிலிருந்து எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக, ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் மலை இது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையாளி பழங்குடி மக்களின் பிள்ளைகள் பலர் இங்குள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். நகரத்துக் கோச்சிங் சென்டர்கள் அவர்களுக்குத் தொலைவு. பாடப்புத்தகம் படமாகக் காட்டும் செடிகளும் கனிகளும் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே வளர்கின்றன.

கேள்வித்தாள் என்ன கேட்கிறது?

பயிற்சிக்கு முன் தாளின் அமைப்பு தெரிய வேண்டும். பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி, பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத்தேர்வு 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 12. இரண்டு மதிப்பெண்ணில் 10க்கு 7. நான்கு மதிப்பெண்ணில் 10க்கு 7. ஏழு மதிப்பெண் 3. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தாள் 70 மதிப்பெண்: உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. ஒவ்வொரு பாதியிலும் ஒரு மதிப்பெண் 8, இரண்டு மதிப்பெண்ணில் 6க்கு 4, மூன்று மதிப்பெண்ணில் 5க்கு 3, ஐந்து மதிப்பெண் 2.

கூட்டிப் பாருங்கள். 35ல் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குப் போவது 10 மட்டுமே. மீதி 25ம் சின்னக் கேள்விகளில் இருக்கிறது. ஆனால் இரவு நேரப் படிப்பில் பெரும்பகுதி நீண்ட விடைகளை மனப்பாடம் செய்வதிலேயே கழிகிறது. சின்னக் கேள்விகள் அத்தியாயத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். அதனால் அவற்றுக்கு மனப்பாடத்தைவிடப் புரிதலே கைகொடுக்கும்.

கேள்வி எப்படி முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘வரையறு’ என்றால் ஒரு வாக்கியமும் ஓர் எடுத்துக்காட்டும் போதும். ‘வேறுபடுத்துக’ என்றால் ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைத்து எழுத வேண்டும். ‘காரணம் கூறுக’ என்றால் எதனால் எது நடக்கிறது என்ற தொடர் வேண்டும். வெறும் வர்ணனைக்கு மதிப்பெண் கிடைக்காது. ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்றால் பெயரிடாத அழகான படத்தைவிடச் சரியாகப் பெயரிட்ட எளிய படம் மேல்.

புத்தகத்தை ஏன் மூட வேண்டும்?

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை மறுபடி வாசிக்கும் முறை ஒன்று. அதைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதும் முறை மற்றொன்று. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்த பகுதியில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது. நினைவிலிருந்து எழுதிய பகுதியில் 75. ஒரு வாரம் கழித்து நிலை மாறியது. மறுபடி வாசித்தது 42 விழுக்காடாக இறங்கியது. எழுதிப் பார்த்தது 56ல் நின்றது.

நாளைக் காலைத் தேர்வுக்கு இன்று இரவு வாசிப்பது ஓரளவு உதவக்கூடும். மூன்று மாதம் கழித்து வரும் தேர்வுக்கு எழுதிப் பார்ப்பதே நிற்கும். மறந்துபோனதை நினைவுக்குக் கொண்டுவரப் படும் அந்தச் சிரமம் வீணாவதில்லை. நினைவை உறுதியாக்குவதே அதுதான்.

ஒரு செடி, ஐந்து கேள்வி

கொல்லிமலைக்குப் போனவர்கள் எல்லாரும் முடவாட்டுக்கால் சூப் பற்றிக் கேட்டிருப்பார்கள். பழுப்பு ரோமம் மூடிய ஆட்டுக்கால் போலிருக்கும் முடவாட்டுக்காலைக் கடைகளில் கிழங்கு என்று விற்கிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் டிரைனேரியா குவர்சிஃபோலியா. பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் பெரணி இது. இந்த ஒரு செடியை வைத்தே ஒரு மதிப்பெண்ணிலிருந்து பட்டப்படிப்பு வரை கேள்வி உண்டாக்கலாம்.

ஒரு மதிப்பெண்: இது தாவர உலகின் எந்தப் பிரிவு? பூக்காது, விதை தராது, ஆனால் கடத்துத் திசு உண்டு. ஆகவே டெரிடோஃபைட்.

இரண்டு மதிப்பெண்: கிழங்கு என்று விற்கப்படும் பகுதி வேரா, தண்டா? காரணம் தருக. அது மட்டநிலத்தண்டு. இலைகள் அதிலிருந்தே கிளம்புகின்றன. நுனியில் வளர்மொட்டு இருக்கிறது. ரோமம் போலத் தெரிவது செதில்கள். உண்மையான வேர்கள் அடிப்பக்கத்தில் மெலிதாகப் பாறையைப் பற்றியிருக்கும். ‘தண்டு’ என்ற சொல்லை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான், சான்றுக்குத்தான் மீதி.

மூன்று மதிப்பெண்: இந்தச் செடியில் இரண்டு விதமான இலைகள் இருப்பதன் பயன் என்ன? அடியில் அகலமாகவும் காம்பில்லாமலும் இருக்கும் இலைகள் சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிர்வதில்லை. சருகையும் தூசியையும் தாங்கிப் பிடித்து மக்கவைக்கும். மண்ணில்லாத பாறையில் செடிக்கு உரமும் ஈரமும் அங்கிருந்துதான். நீண்டு வளரும் பச்சை இலைகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன; அவற்றின் அடிப்பக்கத்திலுள்ள சோரஸ்களில் ஸ்போர்கள் உண்டாகின்றன.

ஐந்து மதிப்பெண்: பெரணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக. நாம் பார்க்கும் செடி இருமயத் தலைமுறை. அதன் ஸ்போர் ஒருமயம். ஸ்போர் முளைத்துத் தனித்து வாழும் சின்னஞ்சிறு முன்உடலம் ஆகிறது. அதில் உண்டாகும் கசையிழையுள்ள ஆண் கேமீட் நீரில் நீந்திப் போய் முட்டையைக் கருவுறச் செய்கிறது. இங்கேயே ஒரு கிளைக் கேள்வி எழும்: நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் பெரணிகள் ஏன் அதிகம்? கருவுறுதலுக்கு நீர்ப்படலம் தேவை என்பது அதற்கான விடையில் முக்கியமான பகுதி.

பட்டப்படிப்பு: இந்தச் சூப் மூட்டுவலிக்கு நல்லது என்று மக்கள் சொல்கிறார்கள். இதைச் சோதிக்கும் ஆய்வை வடிவமைக்கவும். சூப் குடிக்கும் குழுவும் அதைப் போலவே சுவைக்கும் வேறொன்றைக் குடிக்கும் ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். யார் எந்தக் குழு என்பது குலுக்கலில் முடிவாக வேண்டும். வலியை அளப்பவருக்கு அது தெரியக் கூடாது. நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் சோதனைக்கு உட்படுத்துவது எப்படி என்பதை இந்தக் கேள்வி கற்றுத்தரும்.

இந்த ஐந்தையும் பார்க்கப் பெரணியைப் பிடுங்க வேண்டியதில்லை. பாறையில் இருப்பதை இருந்த இடத்திலேயே பார்த்து, வரைந்து, திரும்பலாம்.

பாடங்களைச் சேர்த்துக் கட்டும் கேள்வி

நல்ல கேள்வித்தாள் ஓர் அத்தியாயத்தை இன்னொன்றோடு சேர்த்துக் கேட்கும். அதற்குப் பழக மரவள்ளி ஏற்ற பயிர். சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் கொல்லிமலையில் பல நிலங்கள் சாமை, கேழ்வரகிலிருந்து மரவள்ளிக்கு மாறின. அந்த வயலிலிருந்து ஒரு காரணத் தொடரை எடுப்போம்.

மரவள்ளிக் கிழங்கு பருத்த வேர். அதில் கணுவும் மொட்டும் இல்லை, நட்டால் முளைக்காது. அதனால் விவசாயி தண்டைத் துண்டாக்கிக் கரணையாக நடுகிறார். இது தழைவழி இனப்பெருக்கம். எல்லாச் செடியும் தாய்ச்செடியின் மரபு நகல். தாய்ச்செடியில் தேமல் நோய் வைரஸ் இருந்தால் கரணையோடு அதுவும் அடுத்த பருவத்துக்குப் போகும். வயலுக்குள் வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி பரப்பும். நோயற்ற நாற்று வேண்டுமென்றால் வைரஸ் பெரும்பாலும் எட்டாத நுனி ஆக்குத்திசுவை எடுத்துத் திசு வளர்ப்பு செய்ய வேண்டும்.

எட்டு வாக்கியத்துக்குள் தாவரப் புற அமைப்பியல், இனப்பெருக்கம், மரபியல், நோயியல், திசு வளர்ப்பு ஐந்தும் வந்துவிட்டன. ‘மரவள்ளியில் தேமல் நோய் ஏன் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது?’ என்று ஒரே வரியில் கேட்டால் இந்தத் தொடர் முழுவதும் விடையாகும். நடுவில் ஒரு கண்ணியை மறந்தவர் எந்த அத்தியாயத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இதே பயிரில் கூற்று–காரணம் வகையையும் பழகலாம். கூற்று: மரவள்ளிக் கிழங்கை நட்டால் புதுச் செடி வராது. காரணம்: அது கணுவும் மொட்டும் அற்ற வேர். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. இப்போது காரணத்தை மட்டும் மாற்றுங்கள்: மரவள்ளி ஒரு சி3 தாவரம். இதுவும் உண்மைதான். ஆனால் கூற்றுக்கு விளக்கம் ஆகாது. மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே. ‘சரியா?’ என்று கேட்டு நின்றுவிடாமல் ‘அதனாலா?’ என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

சோளக்காடு சந்தையும் ‘வேறுபடுத்துக’வும்

பலா, அன்னாசி, வாழை மூன்றும் மலையில் விளைபவை. சோளக்காடு சந்தைக்கு வருபவை. கூடவே ஒரு சீத்தாப்பழத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கனிகளின் வகை பற்றிய பாடம் முடிந்தது.

முதலில் அளவுகோலை எழுத வேண்டும்: கனி எத்தனை பூவிலிருந்து வந்தது, உண்ணும் பகுதி எது, விதை உண்டா. பலாவும் அன்னாசியும் ஒரு முழு மஞ்சரியிலிருந்து உண்டான கூட்டுக்கனிகள். பலாவில் ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நாம் தின்பது சதைப்பற்றான பூவிதழ்ப் பகுதி. சுளைகளுக்கு இடையில் நார் நாராக இருப்பவை கருவுறாத பூக்கள். அன்னாசியின் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. சீத்தாப்பழமும் வெளியே மேடு மேடாகத் தெரியும். ஆனால் அது ஒரே பூவின் பல தனித்தனிச் சூலக இலைகளிலிருந்து வந்த திரள்கனி. வாழை ஒரே பூவின் ஒரே சூலகம். கருவுறாமலே கனியாவதால் விதை இல்லை.

பலாவையும் சீத்தாவையும் வேறுபடுத்தச் சொன்னால் ‘பலா பெரியது, சீத்தா சிறியது’ என்று எழுதுவது அளவுகோல் இல்லாத விடை. ‘பல பூக்கள் – ஒரே பூ’ என்று எழுதினால் முதல் வரியிலேயே மதிப்பெண் நிச்சயம்.

கல்லூரி மாணவருக்கு இதே சந்தையில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. காபியும் மரவள்ளியும் சி3 வழியில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கேழ்வரகும் சாமையும் சி4. அன்னாசி கேம் வழி: இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடைச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு பயன்படுத்துகிறது. ஒரே மலையில் மூன்று வழியும் இருக்கின்றன. மழை குறைந்த ஆண்டில் ஒரே அளவு நீரில் எது எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டு, நொதிகளின் பெயரோடு விடை எழுதிப் பாருங்கள்.

மரபியல் கணக்கில் வரும் தடுமாற்றம்

கதிர் அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாக 1952ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. 2047க்குள் இதை ஒழிக்கும் இலக்கோடு, பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. பாடத்திலும் வாழ்க்கையிலும் ஒன்றுபோல முக்கியமான கணக்கு இது.

தாயும் தந்தையும் நோயின்றி, நோய்க்குரிய மரபணுவை மட்டும் தாங்கியிருந்தால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 4ல் 1. இதுவரை எல்லாரும் சரியாகச் செய்வார்கள். ‘அவர்களுக்கு நான்கு குழந்தைகள். ஒன்றுக்காவது நோய் வரும் வாய்ப்பு என்ன?’ என்று கேட்டால் பலர் ‘கட்டாயம் ஒன்றுக்கு வரும்’ என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு பிறப்பும் தனித்தனி நிகழ்வு. நால்வருக்கும் வராமலிருக்கும் வாய்ப்பு 3/4ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும் 81/256. எனவே ஒருவருக்காவது வரும் வாய்ப்பு 175/256, அதாவது ஏறத்தாழ 68 விழுக்காடு.

இன்னொரு திருப்பம்: நோயில்லாத ஒரு பிள்ளை அந்த மரபணுவைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு என்ன? பாதி என்று கை தானாக எழுதும். நோயுள்ள கட்டத்தை ஏற்கெனவே நீக்கிவிட்டோம். மீதி மூன்று கட்டங்களில் இரண்டு தாங்கிகள். விடை 2/3. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் அதன் நிபந்தனையை மாற்றி மறுபடி போடுவதே மரபியலுக்கான பயிற்சி.

ஒன் மார்க்கும் நீட்டும்

நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4. தவறுக்கு 1 குறையும். நான்கு விருப்பத்தில் ஒன்றைக்கூட நீக்க முடியாமல் குறித்தால் சராசரி லாபம் கால் மதிப்பெண்தான். இரண்டைத் தவறென்று உறுதியாக நீக்க முடிந்தால் அது ஒன்றரை ஆகிறது. ஆகவே சரியான விடையைத் தேடுவதோடு தவறான விடையை நீக்கவும் பழக வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று. நெல் மணி எவ்வகைக் கனி? சோரோசிஸ், காரியாப்சிஸ், பெர்ரி, ட்ரூப். காரியாப்சிஸைக் குறித்ததோடு விடாமல், மற்ற மூன்றும் எந்தக் கேள்விக்குச் சரியான விடையாகும் என்று எழுதுங்கள்: பலா, தக்காளி, மா. ஒரு கேள்வி நான்காகிவிட்டது.

நாள் கணக்கும் திருத்தமும்

ஒரு பாடம் படித்த மறுநாள், பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு அதே கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். தாவரவியலையும் விலங்கியலையும் கலந்து எடுங்கள். தேர்வில் எந்தக் கேள்விக்கும் தலைப்பு போட்டு வராது. எழுதி முடித்ததும் பாடப்புத்தகத்தை வைத்து வேறு நிறப் பேனாவில் திருத்துங்கள். தவறு தகவல் மறந்ததாலா, கேள்வியைச் சரியாக வாசிக்காததாலா, காரணத் தொடர் அறுந்ததாலா என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். தகவல் மறந்தது மறுபடி எழுதினால் சரியாகும். மற்ற இரண்டும் வேறு வேறு கேள்விகளை எழுதிப் பார்த்தால்தான் சரியாகும்.

விடுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒருவர் கேள்வி உண்டாக்க, மற்றவர் விடை எழுத, மூன்றாமவர் மதிப்பெண் போடலாம். எதற்கு அரை மதிப்பெண் குறைத்தோம் என்று வாதாடும்போது பாடம் மூவருக்கும் ஒருசேரப் பதியும்.

விடை எழுதப்படாத கேள்விகள்

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகில் நாட்டு ரகங்கள் பல இருந்துவந்தன. மரவள்ளியும் மற்றப் பணப்பயிர்களும் வந்த பிறகு அவற்றின் பரப்பு சுருங்கியது. சாமை குத்துவதில் பெண்கள் படும் பாடும் அதற்கு ஒரு காரணம். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக மலை மக்களோடு சேர்ந்து இந்த ரகங்களைக் காக்க உழைத்துவருகிறது. உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது.

இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் ‘உயிரினப் பன்மையைப் பாதுகாப்பதன் தேவை யாது?’ என்று வரும். புத்தகத்தில் விடை இருக்கிறது. கல்லூரி மாணவர் அதையே ‘என் ஊரில் இன்று எத்தனை சாமை ரகம் மிஞ்சியிருக்கிறது? யாரிடம் விதை இருக்கிறது? வறட்சியில் எந்த ரகம் கதிர் விட்டது?’ என்று கேட்டால் எந்தக் கைடிலும் விடை கிடைக்காது. வயலுக்குப் போய், மூத்தவர்களிடம் கேட்டு, எண்ணி, அளந்துதான் எழுத வேண்டும். செமஸ்டர் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு தேட வேண்டியதில்லை.

பள்ளியில் புத்தகத்தை மூடிவிட்டு எழுதப் பழகியவருக்கு, புத்தகமே இல்லாத கேள்வியும் அச்சம் தராது. மதிப்பெண்ணுக்காகத் தொடங்கும் பயிற்சி இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதே என் விருப்பம். கொல்லிமலையின் உயிர்களைப் பற்றி எழுதப்பட வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுத அந்த மலையில் பிறந்து படிப்பவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை.